ஒரு பவுண்டு ஈயமும் ஒரு முயலும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் முயலுக்குத் தோட்டா கேட்டால், கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியின் மேல் பெரும்பாலும் இப்படி அச்சிட்டிருக்கும்: 20 கேஜ், 2¾ அங்குலம், 2½ டிராம், ⅞ அவுன்ஸ், 6. பழகிய வேட்டைக்காரர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்ப்பார். மற்றவற்றை விட்டுவிடுவார். விசித்திரம் என்னவென்றால், இந்த எண்களில் எதுவுமே முயலுக்காகப் பிறந்ததல்ல. பீரங்கி வார்த்தவர்களும் குழாய் வேலை செய்தவர்களும் வெடிமருந்து இடித்தவர்களும் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட அளவுகள் அவை.

குழலின் வாயை எடையால் சொல்வது பீரங்கிக் காலத்துப் பழக்கம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை கச்சிதமாக நுழையும் குழல் 12 கேஜ். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் 20 கேஜ். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்குவது இதனால்தான். 12 கேஜ் ஏறக்குறைய 18.5 மி.மீ., 16 கேஜ் 16.8, 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. நம்மவர்கள் 12 போர் என்று சொல்லும் இரட்டைக்குழலும் இந்தக் கணக்கில் வந்ததுதான். பிரிட்டனின் 1868-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் குழல் சோதனைச் சட்டம் ஒவ்வொரு கேஜுக்கும் உரிய விட்டத்தை அட்டவணையாகவே போட்டுவிட்டது. இந்த வரிசையில் சேராத ஒரே பிள்ளை 410. அது உருண்டைக் கணக்கு இல்லை; குழலின் விட்டம் 0.410 அங்குலம் என்பதையே பெயராக வைத்துக்கொண்டது.

இனி முயல். அமெரிக்காவில் முயல் வேட்டை என்றால் முதலில் காட்டன்டெயில் என்ற முயல் வகை. எடை ஒரு கிலோ சொச்சம்தான். 1870-களில் இல்லினாய் மாநிலத்து ஜெனரல் ரிச்சர்ட் ரவுவெட் இங்கிலாந்திலிருந்து பீகிள் நாய்களை வரவழைத்து வளர்த்ததிலிருந்து அங்கே இந்த வேட்டைக்கு ஒரு முறை படிந்துவிட்டது. நாய் புதரைக் கிளறும். முயல் தெறித்து ஓடும். ஓடினாலும் தன் எல்லையைத் தாண்டாமல் வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வரும். வேட்டைக்காரர் அங்கேயே நின்று, குரைப்பொலி நெருங்குவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். 20, 25 கஜ தூரத்தில் குறுக்கே பாயும்போது சுட வேண்டும். அந்த தூரத்தில், அந்த எடையுள்ள உயிருக்கு, 12 கேஜின் 1⅛ அவுன்ஸ் ஈயம் தேவையே இல்லை. விழுவது விழும். பிறகு சட்டியில் போட எதுவும் மிஞ்சாது.

அதற்கென்றே அளவெடுத்தது போல் இருந்தது 16 கேஜ். ஓர் அவுன்ஸ் ஈயம், 12-ஐ விட இலேசான துப்பாக்கி, நாள் முழுதும் கையில் தூக்கி நடக்கலாம். ஜெர்மனியிலும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் அது சர்வசாதாரணம். பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் ஆட்டோ-5 துப்பாக்கியின் இலேசான 16 கேஜ் வடிவம் 1930-களில் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்ற செல்லப் பெயரோடு அமெரிக்காவில் விற்றது. அப்படிப்பட்டது எப்படி மூலைக்குப் போயிற்று? காரணங்களில் ஒன்று வேட்டைக்குச் சம்பந்தமே இல்லாதது. 1920 வாக்கில் மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் சார்ல்ஸ் டேவிஸும் நண்பர்களும் பறவைக்குப் பதில் மண் தட்டுகளை வீசிச் சுட்டுப் பழகினார்கள். அதுவே 1926-இல் ‘ஸ்கீட்’ என்று பெயர் பெற்றுப் போட்டி விளையாட்டானது. போட்டிப் பிரிவுகள் 12, 20, 28, 410 என்று அமைந்தன. 16-க்குத் தனிப் பிரிவு இல்லை. போட்டியில் இடமில்லாத கேஜுக்குத் தோட்டா செய்யக் கம்பெனிகள் ஏன் மெனக்கெட வேண்டும்? பிறகு 20 கேஜில் 3 அங்குல மேக்னம் தோட்டா வந்து, 16-இன் வேலையைத் தானும் செய்வேன் என்று நின்றது. முயலுக்கு மிகப் பொருத்தமான துப்பாக்கியை ஓரங்கட்டியதில் மண் தட்டுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையல்ல.

பெட்டியின் கடைசி எண்ணான 6, குண்டின் பருமன். அமெரிக்கக் கணக்கு எளிது: 17-லிருந்து எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பது. ஆறாம் எண் என்றால் 0.11 அங்குலம், ஓர் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 225 குண்டு. நாலாம் எண் என்றால் 135. ஏழரை என்றால் 350. நாலாம் எண்ணில் குண்டு பெரிது, எண்ணிக்கை குறைவு; இடைவெளியில் முயல் தப்பலாம். ஏழரையில் எண்ணிக்கை நிறைய, ஆனால் சாப்பிடும்போது பல்லில் கடிபடும் குண்டும் நிறைய. பனிக்காலத்து அடர்ந்த மயிரைத் துளைக்க ஆறு, கிட்டத்தில் சுட ஏழரை என்று வேட்டைக்காரர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஆறாம் எண் இதைவிடச் சற்றுச் சிறியது, அவுன்ஸுக்கு 270. கடல் தாண்டிய அறிவுரை எண்ணோடு மட்டும் வந்தால் இடறும்.

ஆனால் 225 குண்டும் ஒரே அளவில், ஒரே உருண்டையாக இருந்தால்தானே இந்தக் கணக்கெல்லாம்? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அது நடக்கவில்லை. ஈயத் தகட்டைச் சிறு கட்டிகளாக வெட்டி உருட்டினார்கள். அச்சில் வார்த்தார்கள். இல்லையென்றால் உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே சற்று உயரத்திலிருந்து தண்ணீரில் சொட்டவிட்டார்கள். சொட்டு இறுகுவதற்குள் நீரில் மோதி வாலும் வயிறுமாக நெளிந்துவிடும். நெளிந்த குண்டு காற்றில் நேராகப் போகாது.

பிரிஸ்டல் நகரத்துக் குழாய் வேலைக்காரர் வில்லியம் வாட்ஸ் இதற்கு 1782-இல் காப்புரிமை பெற்ற வழி, உயரத்தைக் கூட்டுவது. தன் வீட்டின் மேலே கோபுரம் எழுப்பி, கீழே குழியும் தோண்டினார். உச்சியில் பூந்திக் கரண்டி போன்ற துளைத்தட்டில் உருகிய ஈயத்தை ஊற்றினால், துளி விழும் வழியிலேயே தன் பரப்பு இழுவிசையால் உருண்டு, காற்றில் இறுகிக்கொண்டே வந்து, அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் விழும். ஈயத்தோடு சிட்டிகை ஆர்சனிக் சேர்த்தால் துளி இன்னும் வட்டமாகும். ஈய மழை பெய்வதாகக் கண்ட கனவிலிருந்து இந்த யோசனை பிறந்ததாக ஊரில் ஒரு கதை உலவியது. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். வீடு மட்டும் 1968-இல் சாலையை அகலப்படுத்த இடிக்கப்படும் வரை நின்றது.

அமெரிக்காவுக்கு இந்தக் கோபுரம் வந்தது அரசியலால். 1807-இல் அதிபர் ஜெபர்சன் வெளிநாட்டு வணிகத்தை முடக்கியதும் இங்கிலாந்துக் குண்டு வரத்து நின்றது. அடுத்த ஆண்டே பிலடெல்பியாவில் தாமஸ் ஸ்பார்க்ஸும் ஜான் பிஷப்பும் வேட்டைக் குண்டுக்காக ஒரு கோபுரம் கட்டினார்கள். பிஷப் குவேக்கர் சமயத்தவர். முயலையும் பறவையையும் சுடும் குண்டு என்ற அளவில் அவர் மனம் ஒப்பியது. 1812-இல் போர் மூண்டு, ராணுவத்துக்கும் குண்டு வேண்டும் என்றானதும், மனிதனைச் சுடும் வியாபாரம் வேண்டாமென்று தன் பங்கை ஸ்பார்க்ஸிடம் விற்றுவிட்டு விலகினார். அந்தக் கோபுரத்தின் அடியில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். 1828-இல் எழுந்த பால்டிமோர் கோபுரம் 234 அடி. 1840-கள் வரை அந்த நாட்டில் அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. அங்கே விழுந்து உலர்ந்த குண்டுகளைச் சாய்ந்த பலகையில் உருட்டிவிடுவார்கள். உருண்டையானவை வேகமெடுத்து இடைவெளியைத் தாண்டிப் போகும். கோணலானவை தயங்கி அதற்குள் விழும். விழுந்தவை மறுபடி உலைக்கு.

மெல்போர்ன் போன தமிழர்கள் இப்படி ஒன்றைத் தெரியாமலே பார்த்திருப்பார்கள். மெல்போர்ன் சென்ட்ரல் வணிக வளாகத்தின் நடுவில், கண்ணாடிக் கூம்புக்குள் நிற்கும் 50 மீட்டர் செங்கல் கோபுரம் கூப் குடும்பத்தாரின் குண்டுக் கோபுரம். 1961 வரை அங்கே குண்டு சொட்டியது. மெல்போர்ன் இருக்கும் அதே மாநிலத்தின் பார்வன் பார்க் பண்ணையில் 1859 கிறிஸ்துமஸுக்கு தாமஸ் ஆஸ்டின் வேட்டை ஆசையில் இறக்கிய இங்கிலாந்து முயல்கள் கண்டம் முழுக்கப் பெருகிப் பயிரைத் தின்றன. அப்படிப்பட்ட இடத்தில் குண்டுக்கு வாடிக்கை குறையுமா?

பெட்டியில் உள்ள டிராம் என்ற எண் பழைய கருமருந்தின் மிச்சம். புகையற்ற மருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரவிவிட்டது. ஆனாலும் இத்தனை டிராம் பழைய மருந்துக்குச் சமமான வேகம் என்று பெட்டியில் இன்றும் அச்சிடுகிறார்கள். தோட்டாவுக்குள் இல்லாத மருந்தின் எடையைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இன்னும் கூர்மையானது. 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால் குழலின் பின்பக்க அறையில் நிற்காது. வழுக்கி முன்னே போய்க் குழலில் செருகிக்கொள்ளும். பின்பக்கம் காலியாகத் தெரியும். அவசரத்தில் இன்னொரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தினால் குழல் வெடித்துத் தாங்கிப் பிடித்த கை போய்விடும். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே சட்டைப் பையில் தோட்டா போட்டு அலைந்தவர்களுக்கு இந்த விபத்து நேர்ந்ததுண்டு. 1960 வாக்கில் பிளாஸ்டிக் தோட்டா வந்தபோது 20 கேஜுக்கு மஞ்சள் என்று வழக்கமானது.

கடைசியில் ஈயத்துக்கே எதிர்ப்பு வந்தது. நீரடியில் கிடக்கும் குண்டைக் கூழாங்கல் என்று விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் செத்தன. அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டை நாடு முழுதும் தடுத்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும், முயலுக்கும் சேர்த்து, அதைத் தடை செய்தது. மாற்றாக வந்த எஃகின் அடர்த்தி 7.8, ஈயம் 11.3. இலேசான குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். ஆகவே ஆறாம் எண் ஈயம் போட்டவர்கள் நாலாம் எண் எஃகு போடப் பழகினார்கள். கோபுரமும் அதற்கு வேண்டாம்; கம்பியை நறுக்கி அழுத்தி உருட்டினால் போதும். ஆனால் எஃகு கடினம். ஈயத்தின் மென்மையை நம்பிச் செய்த பழைய குழல்களின் நெருக்கமான முனையை அது கெடுத்துவிடும். தாத்தா விட்டுப்போன 16 கேஜில் முயல் சுட விரும்புகிற கலிபோர்னியாக்காரர் பிஸ்மத் குண்டு தேடுகிறார். அது மென்மையானது, எஃகைவிடக் கனமானது, பழைய குழலுக்குப் பாதகமில்லாதது. விலை மட்டும் ஈயத்தோட்டாவைப் போலப் பல மடங்கு.