கள்ளுக்கடை போன வழியில் வந்த விற்பனை வரி

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்படவில்லை. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியும் அப்போது சேலம் மாவட்டத்து ஊர்தான். இன்று அந்த ஊர் இருக்கும் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-ல். ஆக, சென்னைப் பட்டணத்துக்கே வராத மதுவிலக்குச் சட்டம் மலையடிவாரத்துக்கு முதலில் வந்துவிட்டது.

ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்று அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் சேலத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. வக்கீலாகப் பெயர் எடுத்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடியால் நொடித்த குடும்பங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. ஆகவே இந்தச் சட்டம் ஓட்டுக்காகப் பிறந்தது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்பிச் செய்தார். சிக்கல் கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தின் ஆண்டு வருவாய் சுமார் 16 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 4 கோடி கலாலிலிருந்து வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தீர்வை என்று பல வாய்க்கால்களில் ஓடிவந்த பணம் அது. வெள்ளைக்கார அரசு தலைமுறை தலைமுறையாக இந்தப் பணத்தைச் சார்ந்தே நிர்வாகம் நடத்தியது. குடிப்பவனின் கூலியில் பள்ளிக்கூடம் நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாயை ஒரு ஏழை மாகாணம் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பள்ளத்தை நிரப்புவது யார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டும். ராஜாஜியே நிதி அமைச்சரும்கூட. கேள்வி அவர் மேசையில்தான் இருந்தது.

முதல் இழப்பு மரமேறிகளுக்கு. பதநீர் இறக்க உரிமம் கொடுத்து, வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்களை அரசு ஊக்குவித்தது. ஆனால் கள்ளில் பார்த்த காசு வெல்லத்தில் வருமா? பிழைப்பையே மாற்றிக்கொள்ளச் சொன்ன அரசு, அந்த மாற்றத்துக்கான செலவில் பெரும்பகுதியை அவர்கள் தலையிலேயே வைத்தது.

நல்லதும் நடந்தது; அதை மறைப்பது நியாயமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடு சேலத்தில் மதுவிலக்கின் விளைவுகளை ஆராய்ந்தார். குடிக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது தெரிந்தது. சாயங்காலம் கூலி முழுசாக வீடு வந்த பெண்களிடம் கருவூலத்தின் கவலையைப் பேசினால் எடுபட்டிருக்குமா?

1938-ல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-ல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு நீண்டது. ஒவ்வொரு மாவட்டம் சேரும்போதும் பள்ளம் பெரிதானது. 1939-ல் அரசு வரிசையாக வரிகளைக் கொண்டுவந்தது: கேளிக்கைக்கு, மின்சாரத்துக்கு, பெட்ரோலுக்கு, புகையிலைக்கு. எல்லாவற்றுக்கும் மேல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக ஒரு மாகாணம் போட்ட முதல் விற்பனை வரி இதுதான்.

வணிகர்கள் கொதித்தார்கள். கணக்குப் புத்தகத்தை அதிகாரி புரட்டுவார் என்ற அச்சம் அதில் பாதி. நீதிக்கட்சியும் பெரியாரும் வருவாயை இழந்துவிட்டு ஊர் முழுக்க வரி போடுவதைச் சாடினார்கள். 1920-களில் மதுவிலக்குக்காகத் தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். அவரே எதிர்வரிசையில் நின்றார் என்றால், எதிர்ப்பு முழுவதையும் குடிகாரர்களின் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது.

அரசு தரப்பில் சொன்ன சமாதானம், சின்னக் கடைகளுக்கு வரி இல்லை என்பது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் விலக்கு. உழவர் தம் நிலத்தில் விளைந்ததை விற்றாலும் விலக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரி ஒரே இடத்தில் வசூலாகி முடிந்துவிடவில்லை. சரக்கு கைமாறும் ஒவ்வொரு பெரிய கடையிலும் விழுந்தது. கோவை மில்லில் நெய்த துணி சேலத்து மொத்தக் கடைக்கு வரும்போது ஒரு வரி, அங்கிருந்து ராசிபுரத்துக்குப் போகும்போது இன்னொன்று. அடிவாரத்துச் சின்னக் கடைக்காரர் வரி கட்டவேண்டியதில்லைதான். ஆனால் அவர் வாங்கிய விலையிலேயே முந்தைய வரிகளெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். எத்தனை கை மாறுகிறதோ அத்தனை சுமை. பட்டணத்தில் மில்லுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் குறைவு, மலையேறித் துணியும் மண்ணெண்ணெயும் சுமந்துபோகும் சாமை விவசாயிக்கு அதிகம். விகிதம் சிறியது என்பார்கள். சாமை விற்றுக் காசு பார்ப்பவருக்கு எந்த விகிதமும் சிறியதில்லை. ரசீதில் தனியாகத் தெரியாத வரி என்பதால், விலை ஏன் ஏறியது என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை. மதுவிலக்கு வேண்டும் என்றவர்கள்கூட அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகப் பேசவில்லை என்பதே என் மனத்தாங்கல். வருமானவரி மத்திய அரசின் கையில் இருந்தது, மாகாணத்துக்கு வேறு பெரிய வழி கிடையாது என்பது உண்மை. அந்த உண்மையை மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

வரி போட்ட அமைச்சரவை 1939 அக்டோபர் இறுதியில் போர் விவகாரத்தில் பதவி விலகியது. ஆட்சி ஆளுநர் கைக்குப் போனது. போர்க்கால அரசுக்குப் பணம் வேண்டும். கலால் கண்ணில் பட்டது. 1944-ல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, கடைகள் மறுபடி ஏலத்துக்கு வந்தன.

விற்பனை வரி மட்டும் போகவில்லை. கள்ளுக்கடை இல்லாத குறையை ஈடுகட்ட வந்த வரி, கள்ளுக்கடை திரும்பிய பிறகும் அப்படியே நின்றது. முள்ளுக்குறிச்சிக்காரர் துணிக்கு வரியும் கொடுத்தார், கள்ளுக்குக் கலாலும் கொடுத்தார். இது என்ன நியாயம் என்று கேட்க அப்போது சட்டமன்றமே கூடவில்லை. அடுத்த தேர்தல் 1946-ல்தான் வந்தது.

(தொடரும்)