கப்பரையாய் வந்த கடல் தேங்காய்

தாயிரா தட்டிப் பாடிவரும் பக்கீர் பாவாக்களையும், அவர்கள் நீட்டும் கப்பரையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பாரசீக நாட்டுத் தர்வேஷ்கள் இதனைக் கஷ்கூல் என்றழைத்தார்கள். பித்தளையிலும் எஃகிலும் மண்ணிலும் கஷ்கூல்கள் செய்யப்பட்டன. ஆயினும் அவற்றுள் பெயர் பெற்றது, ஒரு பனை இனத்து விதையின் ஓட்டை இரண்டாகப் பிளந்து செய்த கருநிறக் கலமேயாகும். அந்த விதைதான் கடல் தேங்காய்.

உலகில் விளையும் விதைகளுள் இதுவே மிகப் பெரியது. சில விதைகள் பதினைந்து கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. சீஷெல்ஸ் நாட்டின் பிராலின், குரியூஸ் என்னும் இரு சிறு தீவுகளில் மட்டுமே இம்மரம் இயற்கையாக வளர்கிறது. ஆனால் பல நூற்றாண்டுகள் வரை அம்மரத்தைக் கண்டவர் எவரும் வெளியுலகில் இல்லை. காரணம் எளியது. உயிருள்ள விதை நீரில் மூழ்கிவிடும். உள்ளீடு அழுகி வெற்றோடான பின்னரே அது மிதக்கும். அவ்வாறு மிதந்தவை நீரோட்டத்தில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடந்து மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கின. ஒதுங்கியது எதுவும் முளைக்கவில்லை. ஆகவே, கடலுக்கடியில் ஒரு மரம் நின்று இக்காயைக் காய்க்கிறது என்று மக்கள் நம்பினார்கள். தாவரவியலாரும் பின்னாளில் மாலத்தீவின் பெயரையே இம்மரத்திற்குச் சூட்டிவிட்டார்கள். அந்தத் தவறு இன்றளவும் அதன் அறிவியற்பெயரில் நிலைத்திருக்கிறது.

தோற்றம் அறியாப் பொருளுக்கு மதிப்பு மிகுவது உலக வழக்கம். இதன் பருப்பும் ஓடும் நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கை பரவியது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்டாவின் மருந்து நூலும் இதைப் பற்றிப் பேசுகிறது. நஞ்சுக்கு அஞ்சாத அரசர் உண்டோ? 1602ஆம் ஆண்டு, பிராகு நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பொற்கொல்லர் ஒருவர், கடல் தேங்காய் ஓட்டுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பூண் கட்டி ஒரு கூசாவை உருவாக்கினார். அது இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டில் பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி, ஐந்தாண்டு அங்கே தங்க நேர்ந்தது. கரையொதுங்கும் கடல் தேங்காய் சுல்தானுக்கே உரியது என்றும், எவரேனும் திடீரெனச் செல்வந்தராகிவிட்டால் அவர் கடல் தேங்காயைக் கண்டெடுத்து மறைத்திருப்பார் என ஊரார் பேசிக்கொள்வர் என்றும் அவர் எழுதிவைத்துள்ளார். இந்த ஊர்ப்பேச்சு நமக்கும் பழக்கமானதுதான்!

அரசர் நஞ்சுக்கு அஞ்சித் தேடிய அதே ஓட்டை, உடைமை துறந்த தர்வேஷ் சங்கிலியில் கோத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். கிடைத்த உணவு அதில் விழுந்தது. தாகத்திற்கு நீரும் அதிலேயே. ஈரானியக் கைவினைஞர்கள் ஓட்டின் மேற்புறத்தில் இறைவசனங்களையும் பாரசீகக் கவிதைகளையும் கொடிப்பின்னல்களையும் செதுக்கினார்கள். பல வீட்டு உணவும் ஒன்றாய்க் கலக்கும் அக்கலத்தின் பெயரையே, பல துறைச் செய்திகளையும் திரட்டிய தம் நூலுக்கு அறிஞர் பஹாவுத்தீன் ஆமிலீ 'அல்கஷ்கூல்' எனச் சூட்டினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கையேந்தி வாழ்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை, உழைத்துண்பதையே சிறப்பித்தார்கள். எனவே கப்பரை ஏந்திய வாழ்வைக் குறித்து நம் முன்னோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. வேலைப்பாடு மிகுந்த சில கஷ்கூல்களைக் காணும்போது, இவை பசிக்காக ஏந்தப்பட்டவையா, செல்வர் வீட்டு மாடத்திற்காகச் செய்யப்பட்டவையா என்ற ஐயமும் நமக்கு எழத்தான் செய்கிறது. ஆயினும் மன்னர் மார்போடணைத்த ஒன்றை உணவு வாங்கும் கலமாக்கிக்கொண்ட அத்துணிவை நாம் எளிதாகப் புறந்தள்ள இயலவில்லை.

1768இல் பிரெஞ்சுக் கப்பற்குழுவினர் பிராலின் தீவில் அம்மரத்தை நேரில் கண்டனர். அடுத்து வந்தவர்கள் கப்பல் நிறையக் காய்களை ஏற்றி வந்து இந்தியச் சந்தையில் இறக்க, விலை சரிந்தது. கடலடி மரம் பற்றிய கதையும் அத்தோடு முடிந்தது. பருப்பின் மீதிருந்த நம்பிக்கை மட்டும் முடியவில்லை. யூனானி மருத்துவத்தில் அது நார்ஜீல் தர்யாயீ. நம் நாட்டுமருந்துக் கடைகளில் கடல் தேங்காய். நறுமணத் தைலங்கள் விற்போரும் இப்போது இதன் பெயரை எடுத்தாள்கிறார்கள்.

முதிர்ந்த மரங்கள் இன்று ஏறத்தாழ 8,000 மட்டுமே. காய் திருட்டு ஓயவில்லை. 2010 முதல் சீஷெல்ஸ் அரசு இதனை அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் சேர்த்துள்ளது. அந்நாட்டு அனுமதிச்சீட்டின்றி வெளியே கொண்டுசெல்வது குற்றம். மருந்துக்கென இதைத் தேடும் நம் குடும்பத்தார் கடைக்காரரிடம் அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். திருடப்பட்ட பொருளில் நாம் யாரும் ஷிஃபா தேடப்போவதில்லை அல்லவா?

ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள். மரம் முதன்முதலாகக் காய்ப்பதற்கோ இருபதாண்டுகளுக்கு மேலாகும். பிராலின் தீவில் சேகரிக்கப்படும் விதைகளில் ஒரு பகுதியை அங்குள்ள காவலர்கள் மீண்டும் மண்ணில் ஊன்றி வருகிறார்கள்.