செல்டிக்கின் தலைசிறந்த பதினொருவர்: ஒரு தீராத வழக்கின் வரலாறு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் கால்பந்துக் கழகத்துக்காக இதுவரை ஆடிய அத்தனை பேரிலிருந்தும் சிறந்த பதினொருவரைப் பொறுக்கியெடுத்து ஒரே அணியாக நிறுத்திப் பார்ப்பது அக்கழக ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். உலகெங்கும் கால்பந்து ரசிகர்கள் செய்வதுதான் இது. ஆனால் செல்டிக்கில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1967 மே 25 அன்று லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பதினொருவரை ரசிகர்கள் குடும்பப் பெயர்களைப் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வேறு யாரைச் சேர்ப்பதானாலும் அவர்களில் ஒருவரை வெளியேற்றியாக வேண்டும். செல்டிக்கின் கனவு அணி பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது.

கழகம் 1887 நவம்பர் 6 அன்று கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் உருவானது. பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்து நகரின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவது அதன் நோக்கம். தொடங்கியவர் வால்ஃபிரிட் என்னும் அயர்லாந்துத் துறவி. 1888 மே மாதம் நடந்த முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்று வென்றார்கள். அன்று ஆடியவர்களில் ஒருவரான வில்லி மேலி பின்னாளில் மேலாளராகி 1897 முதல் 1940 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் வளர்த்த அணி 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்றது.

ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு வித்திட்டது அந்த அணிதான். இரண்டு தடுப்பாளர், மூன்று நடுவரிசையினர், ஐந்து முன்வரிசையினர் என்று அணிகள் நின்ற காலம் அது. ரசிகர்கள் பெயர்களை வரிசை வரிசையாகவே சொல்லுவார்கள். நடுவரிசையான யங், லோனி, ஹே என்ற மூன்று பெயர்களும் ஒரே மூச்சில் வரும். முன்வரிசையின் நடுவில் ஜிம்மி க்வின். 1904 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ரேஞ்சர்ஸ் இரண்டு கோல் முன்னிலை பெற்ற பின், தனியொருவராக மூன்று கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பியவர். அவரைப் பார்த்தவர்கள் பிள்ளைகளிடமும் பேரர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு நடு முன்கள வீரரும் க்வின்னோடு ஒப்பிடப்பட்டார்.

அந்த ஒப்பீட்டைத் தாங்கி நின்றவர் ஜிம்மி மெக்ரோரி. 1922 முதல் 1937 வரை செல்டிக்குக்காக 445 ஆட்டங்களில் 468 கோல்கள் அடித்தார். ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். உயரம் அதிகமில்லாத அந்த மனிதர் தலையால் முட்டி அடித்த கோல்களால் 'மனித டார்பிடோ' என்று பெயர் பெற்றார். 1928 ஜனவரியில் டன்ஃபர்ம்லின் அணிக்கு எதிராக ஒரே லீக் ஆட்டத்தில் எட்டு கோல்கள். அதே ஆண்டு கழகமே அவரை ஆர்சனலுக்கு விற்கப் பார்த்தது. லூர்து திருத்தலத்துக்கு யாத்திரை போகும் வழியில் லண்டனில் ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அவரைச் சந்தித்துப் பேசினார். மெக்ரோரி மறுத்துவிட்டார். அதன் பிறகு சக வீரர்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குத்தான் ஆடினார். செல்டிக் சட்டைக்காக இதைவிட அதிகம் விட்டுக்கொடுத்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

மெக்ரோரிக்கு முந்தைய தலைமுறையின் மேதை பாட்ஸி கேலகர். டோனிகல் கவுண்டியின் ஓர் ஏழையர் விடுதியில் பிறந்தவர். உருவத்தில் சிறியவர், ஆட்டத்தில் எதற்கும் அஞ்சாதவர். 1925 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் டண்டீ அணியின் தடுப்பாளர்கள் அவரைக் கோல் வாயிலில் தள்ளிவிட, பந்தை இரு பாதங்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டு வலைக்குள் விழுந்தார் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. வென்ற கோலை அடித்தது இளம் மெக்ரோரி.

கோல்காப்பாளர் இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோரின் குரலும் தணிந்துவிடும். ஜான் தாம்சன் ஃபைஃப் பகுதியின் சுரங்க ஊரிலிருந்து வந்தவர். 1931 செப்டம்பர் 5 அன்று ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்லிஷின் காலடியில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது தலையில் அடிபட்டு அன்றிரவே இறந்தார். வயது 22. இறுதிச் சடங்குக்குக் கிளாஸ்கோவிலிருந்து அவர் ஊரான கார்டெண்டன் வரை நடந்தே போனவர்கள் உண்டு. அவர் இன்னும் பத்தாண்டுகள் ஆடியிருந்தால் எப்படி இருந்திருப்பார் என்பதை யாரும் அளக்க முடியாது. ஆனாலும் அவரைத் தங்கள் அணியில் வைப்பவர்களின் மனம் புரிந்துகொள்ளக் கூடியதே.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஓர் ஓரம் உண்டு. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வீரர் முகமது சலீம் 1936-இல் கிளாஸ்கோ வந்து, வெறுங்காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக ஆடினார். ஆறு பட்டங்கள் வென்ற பழைய அணியின் ஜிம்மி மெக்மெனமி அவர் காலடியில் அமர்ந்து கட்டுப் போடும் புகைப்படம் புகழ்பெற்றது. சலீம் ஊர் நினைவு வந்து திரும்பிவிட்டார். முதல் அணியில் அவர் ஆடவில்லை. கனவு அணிப் பட்டியல்களில் அவருக்கு இடமில்லை என்றாலும், கழகத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் அவரை விட்டுவிடுவதில்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள் செல்டிக்குக்குப் பெரும்பாலும் வறட்சிதான். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த சார்லி டல்லியின் குறும்பும், 1957 லீக் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 7-1 என்று வீழ்த்திய நாளும் அந்த வறட்சியின் நடுவே கிடைத்த மழை.

பிறகு 1965 மார்ச்சில் ஜாக் ஸ்டீன் மேலாளராக வந்தார். இரண்டே ஆண்டுகளில் லிஸ்பன். எதிரே இன்டர் மிலான். 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. முதல் கோல் போட்டுவிட்டால் கதவைச் சாத்திவிடும் தடுப்பாட்டத்துக்குப் பேர்போனது. ஏழாவது நிமிடத்தில் இன்டரின் மட்ஸோலா பெனால்டியில் கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஆட்டம் முழுவதும் செல்டிக்கின் கையில். பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 63-ஆம் நிமிடத்தில் ஜிம் கிரெய்க் தள்ளிக்கொடுத்த பந்தை டாமி ஜெம்மல் இருபது கஜத்துக்கு அப்பாலிருந்து அடித்த அடி வலையை அதிரவைத்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பாபி மர்டாக் அடித்த பந்தை ஸ்டீவி சால்மர்ஸ் திசைதிருப்பி உள்ளே அனுப்பினார். பிரிட்டனிலிருந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் கழகம் செல்டிக். அந்தப் பருவத்தில் கலந்துகொண்ட ஐந்து போட்டிகளையும் வென்றார்கள். அணியின் பதினொருவரும் கழக மைதானத்திலிருந்து 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள்.

அவர்கள் சட்டையில் எண்கூட இல்லை. பச்சை வெள்ளைப் பட்டைகளின் அழகைக் கெடுக்கக் கூடாது என்று செல்டிக் 1960 முதல் எண்களைக் காற்சட்டையில்தான் போட்டது. உள்நாட்டு ஆட்டங்களில் சட்டையின் முதுகில் எண் ஏறியது 1994-இல்தான். நடையையும் முகத்தையும் வைத்தே வீரரை அடையாளம் கண்ட ரசிகர்கள் அவர்கள். அதனால்தான் சிம்ப்சன், கிரெய்க், ஜெம்மல், மர்டாக், மெக்நீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சால்மர்ஸ், ஆல்ட், லெனக்ஸ் என்ற வரிசை அவர்களுக்கு ஒரே பெயராகவே ஒலிக்கிறது.

2002-இல் ரசிகர்களின் வாக்கெடுப்பில் செல்டிக்கின் எக்காலத்துக்குமான சிறந்த அணி தேர்ந்தெடுக்கப்பட்டது. கோல்காப்பாளர் ரானி சிம்ப்சன். அவருடன் டேனி மெக்ரெய்ன், பில்லி மெக்நீல், டாமி ஜெம்மல். பாபி மர்டாக், பால் மெக்ஸ்டே, பெர்ட்டி ஆல்ட். ஜிம்மி ஜான்ஸ்டன், கென்னி டால்கிலீஷ், ஹென்ரிக் லார்சன், பாபி லெனக்ஸ். லிஸ்பன் அணியிலிருந்து ஏழு பேர் தப்பினார்கள், நால்வர் வெளியேறினார்கள். எல்லாரிலும் சிறந்தவர் என்ற பட்டம் வலச்சாரியில் எதிரிகளைத் திணறடித்த ஜான்ஸ்டனுக்குப் போனது. 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றவர் அவர். விமானப் பயணம் என்றால் நடுங்குவார். 1968-இல் ரெட் ஸ்டார் பெல்கிரேடை நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் மறு ஆட்டத்துக்கு விமானம் ஏற வேண்டாம் என்று ஸ்டீன் வாக்களிக்க, அன்று ஜான்ஸ்டன் ஆடிய ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது.

நான்கு மாற்றங்களில் மூன்றைப் பற்றி அவ்வளவாகச் சண்டை இல்லை. வலப் பின்களத்தில் மெக்ரெய்ன் வந்ததைக் கிரெய்க்கின் அன்பர்களே பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மண்டையோட்டு முறிவு, நீரிழிவு, ஓராண்டுக்கு மேல் களத்துக்கு வெளியே வைத்த கணுக்கால் காயம் ஆகிய எல்லாவற்றையும் கடந்து 1987 வரை ஆடியவர் அவர். அப்படியிருந்தும் லிஸ்பனில் அந்தப் பெனால்டிக்குக் காரணமானவரும், சமன் செய்த கோலுக்குப் பந்து கொடுத்தவரும் கிரெய்க்தான் என்பதை நினைவூட்ட யாராவது ஒருவர் இருப்பார். வெறும் 6,50,000 பவுண்டுக்கு 1997-இல் வந்து 315 ஆட்டங்களில் 242 கோல் அடித்த ஸ்வீடன்காரர் லார்சன், ஸ்காட்லாந்துக்கு வெளியே பிறந்து இந்த அணியில் இடம்பிடித்த ஒரே ஆள். 2003-இல் செவில் நகரில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் போர்ட்டோவிடம் 3-2 என்று தோற்றபோதும் செல்டிக்கின் இரண்டு கோல்களையும் தலையால் முட்டி அடித்தவர் அவரே. டால்கிலீஷின் திறமையைப் பற்றி ஐயமே இல்லை. ஆனால் 1977-இல் 4,40,000 பவுண்டுக்கு லிவர்பூல் போய் அங்கே மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் வென்றவரைத் தங்கள் அணியில் வைப்பதா என்று கேட்கும் முதியவர்கள் உண்டு. அவருக்காக ஒதுங்க வேண்டியிருந்த வாலஸ், 1967 அரையிறுதியில் டுக்லா பிராக் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர் என்பதும் அவர்கள் வாதத்தில் வரும்.

நான்காவது மாற்றம்தான் உண்மையான தகராறு. பால் மெக்ஸ்டே செல்டிக்குக்காக 677 ஆட்டங்கள் ஆடிய நேர்த்தியான நடுக்கள வீரர். கழகத்துக்குத் தலைமையேற்ற இரு மெக்ஸ்டேக்கள் இவருடைய பாட்டனாரின் சகோதரர்கள். கடன் சுமையில் கழகம் தள்ளாடிய ஆண்டுகளிலும் விட்டுப் போகாதவர். ஆனால் அவர் வந்ததும் லிஸ்பன் அணியில் மெக்நீலின் பக்கத்தில் நின்று ஓட்டைகளை அடைத்த ஜான் கிளார்க்குக்கு இடமில்லாமல் போயிற்று. 2002 அணியைத் தாளில் எழுதிப் பார்த்தால் தடுப்பில் மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். அவர்களிலும் ஜெம்மலுக்கு முன்னே ஓடுவதில்தான் விருப்பம். வாக்களிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைத் தேர்கிறார்கள், அணியை அமைப்பதில்லை என்று கிளார்க்கின் பக்கம் நிற்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. 468 கோல்கள் அடித்த மெக்ரோரி அந்தப் பதினொருவரில் இல்லை. கேலகர் இல்லை, க்வின் இல்லை, தாம்சன் இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன் ஆடிய ஒருவர்கூட இல்லை. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களைப் பார்த்ததில்லை; அவர்கள் ஆடிய ஆட்டங்களின் படச்சுருள்களும் சொற்பம். கண்ணால் கண்டதற்கு வாக்களிப்பது இயல்பு. ஆனாலும் கழக வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரை விட்டுவிட்டு அமைத்த முன்வரிசையை முழுமையானது என்று ஏற்க மனம் வரவில்லை.

மெக்ரோரியின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1945 முதல் 1965 வரை செல்டிக்கின் மேலாளர் அவர்தான். அணியைத் தேர்வதில் தலைவர் ராபர்ட் கெல்லியின் சொல்லே பெரும்பாலும் நடந்தது. மென்மையான மெக்ரோரி எதிர்த்துப் பேசமாட்டார். ஆயினும் மெக்நீல், மர்டாக், ஜெம்மல், ஜான்ஸ்டன், லெனக்ஸ் எல்லாரும் கழகத்துக்கு வந்தது அவர் காலத்தில். 1964-இல் ஹிபர்னியனிலிருந்து வந்த சிம்ப்சனும், 1965 ஜனவரியில் திரும்பி வந்த ஆல்டும் அப்படியே. லிஸ்பன் பதினொருவரில் ஸ்டீன் விலைக்கு வாங்கியவர் வாலஸ் மட்டும். 2002 அணியில் இடம்பெற்ற ஏழு லிஸ்பன் வீரர்களும் மெக்ரோரி மேலாளராக இருந்தபோது செல்டிக் சட்டையைப் போட்டவர்கள்.

யாருக்கு இடமில்லை என்பதிலும் எழுதப்படாத விதிகள் உண்டு. மோ ஜான்ஸ்டன் 1980-களில் செல்டிக்குக்காகக் கோல்களைக் குவித்தவர். 1989 மே மாதம் கழகத்துக்குத் திரும்புவதாக அறிவித்துப் புகைப்படத்துக்கு நின்ற அவர், ஜூலையில் பரம எதிரியான ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். கோல் கணக்கு என்னவாக இருந்தாலும் ரசிகர்கள் அவர் பெயரை எடுப்பதில்லை.

2002-க்குப் பிறகு வழக்கில் புதிய வாதிகள் சேர்ந்துவிட்டார்கள். 2012 முதல் 2020 வரை செல்டிக் தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள் வென்றது. 2016-17 பருவத்தில் உள்நாட்டில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. பத்து லீக் பட்டங்கள் வென்ற ஸ்காட் பிரவுனை நடுக்களத்தில் வைத்தால் ஆல்டா, மெக்ஸ்டேயா, யார் ஒதுங்குவது? 2019-இல் ஆர்சனலுக்குப் போன கீரன் டியர்னியை இடப் பின்களத்துக்குச் சொல்பவர்கள், 1967, 1970 ஆகிய இரு ஐரோப்பியக் கோப்பை இறுதிகளிலும் கோல் அடித்த ஜெம்மலின் முன் நின்று வாதாட வேண்டும். கிளார்க்கின் காலி இடத்துக்கு இளைஞர்கள் முன்மொழியும் பெயர் விர்ஜில் வான் டைக். 2013-இல் வந்து இரண்டே பருவங்கள் ஆடி 2015-இல் சவுத்தாம்ப்டன் போனவர்; பிறகு லிவர்பூலில் உலகின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவரானார். வேறிடத்தில் சம்பாதித்த புகழைச் செல்டிக்கின் கணக்கில் வைக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர் பச்சை வெள்ளையில் ஆடியபோதே தெரியவில்லையா என்று இளையவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.