மினமாட்டா நோயும் இரு ஆய்வுகூடங்களும்

விஞ்ஞான வரலாற்று நூல்கள் ஒரு பரிசோதனையைக் குறிப்பிடும்போது, அது வெளியிடப்பட்ட ஆண்டையே அதன் பிறப்பாண்டாகக் கொள்வது வழக்கம். நிகழ்த்தப்பட்டும் வெளியிடப்படாது போன பரிசோதனைகளுக்கு அந்நூல்களில் இடம் கிடைப்பதில்லை. அவ்வாறு மறைந்து போயிருக்கக்கூடிய பரிசோதனையொன்று 1959ஆம் ஆண்டில் யப்பானின் மினமாட்டா நகரில் நிகழ்ந்தது. அதற்கு வேண்டியிருந்தவை ஒரு பூனையும், நாளொன்றுக்கு 20 கிராம் கழிவுநீரும், ஏறத்தாழ இரண்டரை மாதப் பொறுமையுமே. ஆயினும் அதன் முடிவு நீதிமன்றத்தின் முன் சாட்சியமாக வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் சென்றன. அப்பதினொரு ஆண்டுகளில் நோயுற்றோரின் வாழ்வு எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை நோக்கும்போது, அப்பூனையின் வரலாறு வெறும் மருத்துவக் குறிப்பாக நின்றுவிடவில்லை என்பது புலனாகும்.

மினமாட்டா, கியூசூ தீவின் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தின் தென்பகுதியில் அமைந்தது. மீன்பிடியையும் உப்பு விளைச்சலையும் நம்பி வாழ்ந்த இக்கரையில் 1908ஆம் ஆண்டில் இரசாயனத் தொழிற்சாலையொன்று நிறுவப்பட்டது. பிற்காலத்தில் சிசோ என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனத்துக்குரிய இவ்வாலை, 1932 முதல் அசற்றலீன் வாயுவிலிருந்து அசற்றல்டிகைட்டைத் தயாரிக்கலாயிற்று. இத்தாக்கத்துக்கு ஊக்கியாகப் பயன்பட்டது இரச சல்பேற்று. அசற்றல்டிகைட்டிலிருந்து அசற்றிக்கமிலமும், போருக்குப் பின் ஒக்டனோலும் பெறப்பட்டன. வைனைல் பிளாத்திக்கு இயல்பாகக் கடினமானது. அதனை மழையங்கியாகவும் மேசை விரிப்பாகவும் வளையத்தக்கதாக்கும் மென்மையாக்கிகள் ஒக்டனோலிலிருந்தே செய்யப்பட்டன. போரினால் நலிந்த யப்பான் மீண்டெழுந்த காலத்தில் இப்பொருள்களுக்கு இருந்த கேள்வி மிகப் பெரிது. 1960ஆம் ஆண்டில் மினமாட்டா ஆலை 45,000 தொன்னுக்கு மேற்பட்ட அசற்றல்டிகைட்டை உற்பத்தி செய்தது. நகரத்தின் வேலைவாய்ப்பும் வரி வருமானமும் ஆலையையே சார்ந்திருந்தன. இவ்வுற்பத்தி முறையை உருவாக்கிய பொறியியலாளரும் ஆலையின் முன்னாள் தலைவருமான ஹஷிமோட்டோ ஹிக்கோஷிச்சி என்பவரே நகர முதல்வராகவும் விளங்கினார் என்பதொன்றே அங்கிருந்த நிலைமையை உணர்த்தப் போதுமானது.

நோய் முதலில் தீண்டியது மனிதரை அன்று. 1950களின் தொடக்கத்திலேயே குடாவின் ஓரத்து மீனவக் குடியிருப்புகளில் பூனைகள் வெறிகொண்டவை போலச் சுழன்று, உமிழ்நீர் வடிய ஓடி, கடலில் வீழ்ந்து மடிந்தன. காகங்கள் பறக்க இயலாது தரையில் வீழ்ந்தன. மீன்கள் செத்து மிதந்தன. 1956 ஏப்பிரல் மாதத்தில், நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில தினங்களில் அவளுடைய தங்கையும் அதே நிலையில் வந்து சேர்ந்தாள். அவ்வைத்தியசாலையின் தலைவராக இருந்த ஹொசொக்காவா ஹஜிமே, அயல் வீடுகளிலும் இத்தகையோர் இருப்பதை அறிந்து, மைய நரம்புத்தொகுதியைத் தாக்கும் காரணம் அறியா நோயொன்று பரவுகின்றது என மே முதலாந் திகதி சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். மினமாட்டா நோயின் முதல் உத்தியோகபூர்வப் பதிவு இதுவே. தொழிற்சாலை ஊழியரான வைத்தியரே அதனைச் செய்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குவோர் இதனை மறந்துவிடலாகாது.

தொற்று நோயென அஞ்சி வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. நோயுற்றோரின் குடும்பத்தினர் கடைகளில் கையால் காசு கொடுக்கவும் தயங்கும் நிலை உண்டாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் குமமோட்டோ பல்கலைக்கழகம் ஆய்வுக் குழுவொன்றை அமைத்தது. நவம்பர் மாதத்திலேயே அக்குழு, இது தொற்றன்று, குடாவின் மீனையும் சிப்பியையும் உண்பதனால் ஏற்படும் பார உலோக நஞ்சூட்டம் என்னும் முடிவுக்கு வந்துவிட்டது. எந்த உலோகம் என்பதே எஞ்சிய வினா. அதற்கு விடைகாணவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்தன.

காலதாமதத்துக்கு அறிஞரின் திறமைக் குறைவு காரணமாகாது. ஆலைக்குள் என்னென்ன பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன என்ற விவரம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. எனவே கடற் சேற்றையும் மீனையும் இறந்தோரின் உறுப்புகளையும் பகுத்து, அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டியவராயினர். சேற்றிலோ பல உலோகங்கள் ஒருங்கே இருந்தன. மங்கனீசு, செலனியம், தல்லியம் என ஒன்றன்பின் ஒன்றாக ஐயுறப்பட்டன. ஒவ்வொன்றையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோயின் ஒரு பகுதி தோன்றியதேயன்றி முழு நோயும் தோன்றவில்லை. இரசம் விலையுயர்ந்த பொருள். அதனை எவரும் கடலில் கொட்டார் என்ற எண்ணமும் அவர்களைத் திசைதிருப்பியதாகக் கூறுவர். நியாயமான எண்ணமே. ஆயின் ஆலையின் கணக்கு வேறாக இருந்தது.

வழியைக் காட்டியது ஒரு பழைய கட்டுரை. இங்கிலாந்தில் விதைகளைக் காக்கும் மெதயில் இரசச் சேர்வைகளைத் தயாரித்த ஆலையொன்றில் நஞ்சூட்டப்பட்ட தொழிலாளர் நால்வரைப் பற்றி ஹன்ரரும் அவருடன் உழைத்தோரும் 1940இல் எழுதியிருந்தனர். பார்வைப் புலம் ஒடுங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய குறிகள் மினமாட்டாவில் கண்டவற்றுடன் பொருந்தின. 1958இல் மினமாட்டாவுக்கு வந்த பிரித்தானிய நரம்பியல் நிபுணர் மக்கல்பைன் இவ்வொற்றுமையைச் சுட்டினார். இறந்தோரின் சிறுமூளையிலும், பார்வைக்குரிய மூளைப் பகுதியிலும் கலங்கள் அழிந்திருந்த முறையினைக் கொண்டு நோயியல் அறிஞர் டக்கேயூச்சியும் அதே முடிவை நோக்கிச் சென்றார். ஆலையின் கழிவு வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் எடுத்த சேற்றில் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் இரசம் காணப்பட்டது. நோயாளர் ஒருவரின் தலைமயிரில் பத்து இலட்சத்தில் 705 பங்கு இரசம் இருந்தது; வேற்றிடத்தோரிடம் அது சராசரியாக நான்கு பங்கே. 1959 ஜூலை 22ஆந் திகதி, நோய்க்குக் காரணம் இரசமே எனப் பல்கலைக்கழகக் குழு அறிவித்தது.

இவ்வறிவிப்பில் ஒரு பலவீனம் இருந்தது. நோயை விளைவிப்பது சேதன இரசம். ஆலை பயன்படுத்தியதோ அசேதன இரசம். ஒன்று மற்றொன்றாக எங்கு, எவ்வாறு மாறுகின்றது? இவ்வினாவை நிறுவனம் உறுதியாகப் பற்றிக்கொண்டது. அதற்குத் துணையாகப் பிற கொள்கைகளும் எழுந்தன: போர் முடிவில் கடலில் எறியப்பட்ட வெடிபொருள்களே காரணம் என இரசாயனக் கைத்தொழிலாளர் சங்கத்தின் சார்பில் கூறப்பட்டது, அழுகிய மீனில் உண்டாகும் அமீன்களே காரணம் எனத் தோக்கியோவின் பேராசிரியர் ஒருவர் எழுதினார். கருத்து வேறுபாடு விஞ்ஞானத்துக்கு இயல்பானதே. ஆனால் முடிவு எட்டப்படவில்லை என்னும் தோற்றமே ஒரு தரப்புக்குப் போதுமானதாயிருக்கும் இடத்தில், வேறுபட்ட கருத்தைத் தெரிவிப்போரின் பொறுப்பு இரட்டிக்கின்றது. நவம்பரில் சுகாதார அமைச்சின் ஆலோசனைச் சபை சேதன இரசச் சேர்வையொன்றே முதன்மைக் காரணம் என அறிக்கையிட்டது. அறிக்கையிட்ட உபகுழு உடனேயே கலைக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தார் கடலிலிருந்து தேடிக்கொண்டிருந்த அதே வேளையில், ஆலை மதிலின் மறுபுறத்தில் ஹொசொக்காவா எளியதொரு வழியைக் கையாண்டார். மீனையும் சேற்றையும் விடுத்து, அசற்றல்டிகைட்டுப் பகுதியிலிருந்து வெளிவரும் கழிவுநீரையே நேரடியாக எடுத்து, பூனையின் உணவில் ஊற்றிக் கொடுத்தார். 400 என இலக்கமிடப்பட்ட அப்பூனைக்கு 1959 ஜூலை 21ஆந் திகதி, அதாவது பல்கலைக்கழக அறிவிப்புக்கு முதல் நாள், இவ்வுணவு தொடங்கப்பட்டது. ஒக்டோபர் முற்பகுதியில் அது நடுங்கியது, வலிப்புற்றுச் சுழன்றது. அம்மாத இறுதியில் அது கொல்லப்பட்டு, அதன் உறுப்புகள் கியூசூ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு காணப்பட்ட மாற்றங்கள் மினமாட்டா நோயினுடையனவே.

இரசம் எங்கு மாறுகின்றது என்ற வினாவுக்கு இப்பூனை விடையளித்துவிட்டது. கழிவுநீர் கடலைக் காணுமுன்பே நஞ்சாயிருந்தது. கடலில் நிகழ்ந்தது, நஞ்சு மிதவை உயிர்களிலிருந்து சிறுமீனுக்கும் அதிலிருந்து பெருமீனுக்கும் ஏறி ஏறிச் செறிவுற்றதே. ஹொசொக்காவா முடிவை நிறுவனத்தாருக்குத் தெரிவித்தார். ஒரு பூனையைக் கொண்டு எதனையும் நிறுவ முடியாது என அவர்கள் கூறினர். முறையியல் நோக்கில் இது பிழையான கூற்றன்று. ஆயின் இரண்டாவது பூனையையும் மூன்றாவது பூனையையும் கொண்டு சோதிப்பதன்றோ அதற்குரிய மறுமொழி? பரிசோதனையைத் தொடர்வதே தடைசெய்யப்பட்டது. வைத்தியரும் அடங்கினார். அவர் கோழையல்லர், எனினும் நோயாளர்பால் கொண்ட கடமைக்கும் தம்மைப் பேணிய நிறுவனத்துக்கும் இடையே நின்று, இரண்டாவதைத் தெரிந்துகொண்டார் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் அப்பரிசோதனைகள் மீண்டும் தொடங்கப்பட்டு அதே முடிவைத் தந்தபோதும் அவை வெளியே வரவில்லை.

இம்மௌனத்தின் விலை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தெரிந்தது. டிசெம்பரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறி ஆரவாரத்துடன் தொடக்கிவைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் ஒரு குவளை நீரை அனைவர் முன்னிலையிலும் அருந்திக் காட்டினார். சேதன இரசத்தை அகற்றுவதற்கென அப்பொறி அமைக்கப்படவேயில்லை. டிசெம்பர் 30ஆந் திகதி நோயாளர் குடும்பங்களுடன் ஒப்பந்தமொன்று செய்யப்பட்டது. இறந்தோருக்கு 3 இலட்சம் யென். நோயுற்ற வளர்ந்தோருக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் யென். சிறுவருக்கு 30,000 யென். நட்டஈடு என்ற சொல் தவிர்க்கப்பட்டு, அனுதாபப் பணம் என்றே அது வழங்கப்பட்டது. ஆலையின் கழிவே காரணமென எதிர்காலத்தில் நிறுவப்பட்டாலும் மேலதிகமாக எதனையும் கோருவதில்லை என ஒரு வாசகம் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. எதிர்காலத்தில் நிறுவப்படக்கூடியது யாது என்பதை ஒரு தரப்பு அறிந்திருந்தது. வறுமையினால் ஆண்டிறுதியில் ஒப்பமிட்ட மறுதரப்பு அறிந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகமோ தனது நெடுவழியைத் தொடர்ந்தது. குடாவின் சிப்பியிலிருந்து சேதன இரசச் சேர்வை பிரித்தெடுக்கப்பட்டது. 1962இல், சுகாதாரவியல் பேராசிரியர் இருக்காயாமா, முன்னர் ஆலையின் அசற்றல்டிகைட்டுப் பகுதியிலிருந்து சேகரிக்கப்பட்டுத் தம் ஆய்வுகூடத்திலேயே போத்தலில் இருந்துவந்த சேற்றைப் பகுத்து, அதில் மெதயில் இரசக் குளோரைட்டைக் கண்டார். 1963 பெப்ரவரியில் அம்முடிவு வெளியிடப்பட்டது. மதிலின் வெளிப்புறத்தார் உட்புறத்து உண்மையை அடைய மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றமை இதனால் தெளிவாகும். இதற்கிடையில், தாய்மார் நோயின்றித் தோன்றவும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஊனமுற்றிருந்தமை ஹரடா மசஸூமி முதலியோரால் ஆராயப்பட்டது. சூல்வித்தகம் கருவை நஞ்சிலிருந்து காக்கும் என்பதே அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. மெதயில் இரசமோ அமினோ அமிலமொன்றுடன் பிணைந்து, உடல் தனக்கு வேண்டிய உணவென மயங்கி ஏற்கும் வடிவைப் பெற்று, சூல்வித்தகத்தையும் மூளையைக் காக்கும் தடையையும் கடந்துவிடுகின்றது. 1962இல் பதினாறு குழந்தைகள் பிறவி நோயாளராக ஏற்கப்பட்டனர்.

ஆயினும் உற்பத்தி நிற்கவில்லை. 1965இல் நீகத்தா மாகாணத்தின் அகனோ ஆற்றங்கரையில் அதே நோய் தோன்றியது. அங்கும் ஆற்றின் மேற்பகுதியில் அசற்றல்டிகைட்டு ஆலையொன்று இருந்தது. இரண்டாவது ஊரின் துன்பத்துக்கு 400ஆம் பூனையின் மறைப்பே முழுக் காரணம் எனக் கூறுதல் மிகையாகலாம். ஆனால் 1959இல் அம்முடிவு வெளிவந்திருப்பின் ஏனைய அசற்றல்டிகைட்டு ஆலைகளின் கழிவும் சோதிக்கப்பட்டிருக்கும் என எண்ண இடமுண்டு. 1968 மே மாதத்தில் மினமாட்டாவில் அவ்வுற்பத்தி நிறுத்தப்பட்டது; வேறு முறை இலாபகரமானதாகிவிட்டமையே அதற்குக் காரணம். செப்டெம்பரில் அரசாங்கம் நோயின் காரணத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

1969இல் நோயாளர் குடும்பங்கள் சில வழக்குத் தொடர்ந்தன. நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்று, புற்றுநோயினால் தோக்கியோ வைத்தியசாலையொன்றில் படுத்திருந்த ஹொசொக்காவாவிடம் 1970 ஜூலை 4ஆந் திகதி படுக்கையருகே சாட்சியம் பெறப்பட்டது. பூனையைப் பற்றியும், அதன் முடிவைத் தாம் நிறுவனத்தாருக்கு அறிவித்தமை பற்றியும் அவர் கூறினார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். 1973 மார்ச் 20ஆந் திகதி குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், 1959ஆம் ஆண்டின் அனுதாபப் பண ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு முரணானது, செல்லாதது எனத் தீர்ப்பளித்து, இறந்தோருக்கும் கடுமையாக நோயுற்றோருக்கும் 160 இலட்சம் முதல் 180 இலட்சம் யென் வரை வழங்குமாறு பணித்தது. அரசினதும் மாகாண நிர்வாகத்தினதும் பொறுப்பை யப்பானின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2004ஆம் ஆண்டிலாகும்.

குடாவின் அடியிலிருந்த நச்சுச் சேறு 1977 முதல் 1990 வரை அகழப்பட்டு, 58 ஹெக்டயர் பரப்புள்ள நிலமாக நிரப்பப்பட்டது. ஹொசொக்காவாவின் பரிசோதனைகளில் எஞ்சிய பூனை இழையங்கள் மீண்டும் பகுக்கப்பட்டு, அவர் கண்டது மெதயில் இரச நஞ்சூட்டமே என உறுதிசெய்யும் கட்டுரை 2001ஆம் ஆண்டில் ஆய்விதழொன்றில் வெளியாயிற்று.