உறைபனிக்குத் தப்பிய கருமுட்டை

உறைய வைத்துப் பின் உருக்கிய கருமுட்டையால் இரட்டைக் கர்ப்பம் உண்டானதை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகர மருத்துவர் கிறிஸ்டோபர் சென் 1986இல் 'லான்செட்' இதழில் அறிவித்தார். உறைந்த விந்தணுவால் கர்ப்பம் தரிப்பது 1953லேயே சாத்தியமாகிவிட்டது. உறைந்த கருவிலிருந்து 1984இல் மெல்போர்னில் குழந்தையும் பிறந்துவிட்டது. கருமுட்டைதான் கடைசி. அதன் பிறகும் பத்து வருடம் வேலை பெரிதாக நகரவில்லை.

காரணம் முட்டையின் உடல்வாகு. மனித உடலிலேயே பெரிய செல் அது; விட்டம் சுமார் 0.1 மி.மீ. உள்ளே பெரும்பகுதி தண்ணீர். மெல்லக் குளிர்வித்தால் அந்தத் தண்ணீர் பனிப்படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். குரோமோசோம்களை வரிசையில் நிறுத்தும் நுண்ணிழைகள் குளிரில் கலைந்துபோகும். பிழைத்த முட்டைக்கும் மேலுறை கெட்டிப்பட்டு, விந்தணு நுழைய முடியாமல் போகும்.

மேலுறைச் சிக்கலை பெல்ஜியம் தீர்த்து வைத்தது. விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறை 1992இல் அங்கே பலித்தது. உறைந்த முட்டைக்கு அதைப் பயன்படுத்திக் குழந்தை பிறந்ததை 1997இல் அறிவித்தவர், இத்தாலியின் பொலோன்யா நகர மருத்துவர் எலியோனோரா போர்கு.

இத்தாலிக்கு இதில் தனி அக்கறை உண்டு. கத்தோலிக்கச் செல்வாக்கு மிகுந்த அந்நாட்டில், கருவை உறைய வைப்பதைப் பலர் ஏற்கவில்லை. முட்டைக்கு அந்தத் தடை இல்லை. ஒரு சுற்றில் மூன்று முட்டைகளுக்கு மேல் கருவாக்கக் கூடாது, கருவைப் பொதுவாக உறைய வைக்கவும் கூடாது என்றது 2004ஆம் ஆண்டுச் சட்டம். மிஞ்சிய முட்டைகளை எறிய மனமில்லாவிட்டால் உறைய வைத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் ஆய்வகங்களுக்குக் கை பழகியது. மூன்று என்ற வரம்பை 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

பனிப்படிகத்துக்கு விடை ஜப்பானில் கிடைத்தது. மசாஷிகே குவயாமா உருவாக்கிய 'க்ரையோடாப்', ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. முட்டையின் நீரைப் பாதுகாப்புத் திரவத்தால் பெருமளவு வெளியேற்றி, பட்டையின் நுனியில் வைத்து, ஒட்டிய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துவார்கள். படிகமாக அவகாசமில்லாமல், எல்லாம் கண்ணாடியாக இறுகிவிடும். இதன் பலன்களை அவர் 2005இல் வெளியிட்டார்.

2012இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் கருமுட்டை உறைவுக்கு இருந்த 'பரிசோதனை முறை' என்ற முத்திரையை நீக்கியது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டே வருடத்தில், ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களின் முட்டை உறைவுச் செலவை ஏற்பதாகச் செய்தி வந்தது. ஆனால், வயதாவதைச் சமாளிக்க மட்டுமே முட்டையை உறைய வைக்க விரும்பும் ஆரோக்கியமான பெண்களுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய தரவு இல்லை என்றும், 2012 அறிக்கையிலேயே அந்தச் சங்கம் எழுதியிருந்தது.