ரசாயன ஆண்மை நீக்கம்

பாலியல் குற்றம் செய்தவர் மீண்டும் அதில் இறங்காதிருக்க, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை மருந்தால் தாழ்த்தும் சிகிச்சை. இதில் அறுவை இல்லை. மருந்தை நிறுத்தினால் ஹார்மோன் பெரும்பாலும் பழைய அளவை எட்டிவிடும்.

1940-களில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்துகளோடு தொடங்கிய இம்முறையின் தீராத கறை ஆலன் டூரிங் வழக்கு. கணினி அறிவியலின் முன்னோடியான அவர், இன்னொரு ஆணுடன் உறவு கொண்டதற்காக 1952-இல் இங்கிலாந்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். சிறையைத் தவிர்க்க ஓராண்டு ஹார்மோன் சிகிச்சைக்கு உடன்பட்டார், மார்பு பெருத்தது. 1954-இல் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-இல். அவரால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்திருக்கவில்லை. சட்டம் தவறும்போது மருத்துவமும் அதற்குக் கையாளாகும் என்பதை இவ்வழக்கு அளவுக்குக் காட்டியது வேறில்லை.

1966-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணி, பெண்களின் கருத்தடை ஊசியாகவும் பயன்படும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனை இதற்குக் கையாண்டார். ஐரோப்பாவில் சைப்ரோடிரோன் என்னும் மருந்து பரவியது. 1998-இல் இஸ்ரேலின் ரோஸ்லர், விட்ஸ்டம் இருவரும் 30 ஆண்களுக்கு மாதந்தோறும் டிரிப்டோரெலின் ஊசி போட்டு, உளவியல் சிகிச்சையும் அளித்தனர். இம்மருந்து பிட்யூட்டரிச் சுரப்பியை முதலில் தூண்டி, சில வாரங்களில் ஓயவைத்து, விரைகளுக்குச் செல்லும் கட்டளையை நிறுத்துகிறது. தகாத வேட்கைகள் அடங்கின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. எலும்பு தேய்தல், எடை கூடுதல், மனச்சோர்வு ஆகியன பக்கவிளைவுகள். ஆத்திரத்தாலும் ஆதிக்க வெறியாலும் நிகழும் வன்கொடுமையை ஹார்மோனைக் குறைத்துத் தடுத்துவிட முடியாது.

ஆயினும் உறுதியான சான்றுக்காகச் சட்டமன்றங்கள் காத்திருக்கவில்லை. கலிபோர்னியா 1996-இல் இதைச் சட்டமாக்கியது; தென்கொரியாவில் இதற்கான சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா 2016-இல் சட்டம் கொண்டுவந்தபோது அந்நாட்டு மருத்துவர் சங்கமே ஊசி போட மறுத்தது. நோயாளியின் இசைவின்றித் தண்டனையாக மருந்து செலுத்துவது மருத்துவம் ஆகாது, அம்மறுப்பு மதிக்கத்தக்கது.

இந்தியாவில் 2012 டெல்லிக் கூட்டு வன்கொடுமைக்குப் பின் இதைச் சட்டமாக்கும் கோரிக்கை வலுத்தது. 2013 ஜனவரி முதல் நாளன்று தமிழக முதல்வர் ஜெயலலிதா இதற்காகச் சட்டத் திருத்தம் கோரப்போவதாக அறிவித்தார். பாலியல் குற்றச் சட்டங்களைச் சீர்திருத்த அமைக்கப்பட்டு அதே மாதம் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழு, குற்றத்தின் சமூக வேர்களை இது தொடாது என்றும் மனித உரிமைக்கு முரண் என்றும் நிராகரித்தது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன், குழந்தைகளை வன்புணர்வோருக்கு ஆண்மை நீக்கத்தைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைக் கேட்டார். அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை.

ஸ்வீடனில் குழந்தைகள் மீதான பாலியல் வேட்கைக்குத் தாமாகவே உதவி நாடிவந்த 52 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. டெகாரெலிக்ஸ் ஊசி பெற்றவர்களிடம், குழந்தைகளிடம் தவறிழைக்கும் அபாயத்தைக் காட்டும் அளவுகோல் இரண்டே வாரங்களில் இறங்கியது. இவ்வாறு குற்றம் நடக்கும் முன்பே, இசைவோடு, ஒப்பீட்டுக் குழுவும் வைத்து இத்தகைய மருந்துகள் சோதிக்கப்படுவது அரிது. பிரிட்டனோ 2025-இல் இச்சிகிச்சையை 20 சிறைகளுக்கு விரிவாக்கும் திட்டத்தை அறிவித்து, அதைக் கட்டாயமாக்கவும் வழி தேடத் தொடங்கியது.