முகம் மறைக்கும் கண்ணாடி

லண்டன் மாநகரின் புராதன மதுச்சாலைகளைப் பார்த்துவரப் புறப்படுகிற பிரயாணி, பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வருஷத்தையும் உத்தரங்களின் கருமையையும் கண்டு மயங்கி நின்றுவிடாமல், உள்ளே தடுப்புகள் இருக்கின்றனவா, இருந்து எடுக்கப்பட்டனவா என்று கவனிப்பாரானால், அந்நகரத்து ஜனங்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகினார்கள், எப்படிப் பழக மறுத்தார்கள் என்கிற சரித்திரம் அவருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

எனக்கு இது விளங்கியது, லாம்ஸ் காண்டியூட் தெருவிலுள்ள 'லாம்' என்னும் மதுச்சாலையில். (1577-இல் அந்தப் பக்கத்து நீர்க்காலைச் செப்பனிட்டுக் கொடுத்து, தண்ணீர் சுமந்து பிழைக்க ஏழைப் பெண்களுக்கு 120 வாளிகளும் தானம் செய்த வில்லியம் லாம் என்பவரின் பெயர் அது, தண்ணீர் வார்த்த தர்மவான் பீர்க் கடையின் வாசலில் பெயராக நிற்பது விதியின் விளையாட்டுத்தான்.) அங்கே பரிமாறும் மேடையின்மேல், நிற்பவர் முகத்துக்கு நேராக, பூவேலை செய்த சிறு கண்ணாடிப் பலகைகள் அச்சில் சுழலும்படி வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. பலகையைத் திருப்பி, வேண்டியதைச் சொல்லி, மறுபடி மூடிக்கொண்டால், ஊற்றிக் கொடுப்பவருக்குக் கை தெரியுமேயன்றி ஆள் தெரியாது. 'ஸ்னாப் ஸ்கிரீன்' என்று இதற்குப் பெயர். நான் குடிப்பவனல்லன், இஞ்சிப் பானம் கேட்கக் கூசி நின்ற எனக்கும் அந்தத் திரை சற்று நேரம் உபகாரமாக இருந்தது.

இந்த நாணம் பழங்காலத்தது அன்று. 1830-இல் வந்த பீர்ச் சட்டம், இரண்டு கினி கட்டணம் செலுத்திய எந்தக் குடும்பஸ்தரும் பீர் விற்கலாம் என்று அனுமதித்ததும், ஆயிரக்கணக்கான வீடுகளின் கூடங்கள் கடைகளாயின; வாயு விளக்கும் நிலைக்கண்ணாடியுமாக ஜொலித்த ஜின் மாளிகைகளோ ஏற்கெனவே தலையெடுத்திருந்தன. நூற்றாண்டின் கடைசியில் பெரிய மதுவடிசாலைகள் இத்தகைய கடைகளைப் போட்டி போட்டு வாங்கி அலங்கரித்தபோது, கூலிக்காரருக்குப் 'பப்ளிக் பார்', கனவான்களுக்குச் 'சலூன் பார்' என்று ஒரே கூரையின் கீழ் அறைகளைப் பிரித்தார்கள். பீப்பாய் ஒன்றுதான், சலூனில் விலை மட்டும் சற்றுக் கூடுதல். மெத்தை நாற்காலிக்கும் தரைவிரிப்புக்கும் கொடுத்த விலையா, பக்கத்து மனிதரைப் பார்க்காதிருப்பதற்குக் கொடுத்த விலையா என்று கேட்டால், இரண்டாவதே பெரும்பங்கு என்பது என் அபிப்பிராயம்.

இருபதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. மூலைமுடுக்குகளில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லையே என்று உரிமம் வழங்கும் நீதிபதிகள் முகஞ்சுளித்தார்கள். 1914-இன் யுத்தம், பிற்பகலில் கடையைச் சாத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்து, அதை 1988 வரையில் விட்டுச் சென்றது. அந்தஸ்து பார்த்து அமர்வதில் ஜனங்களுக்கே சலிப்புத் தட்டிய பிறகு தடுப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. 1991-இல் ஃபாரிங்டன் சாலையில் 'ஈகிள்' என்ற பழைய கடையைப் புதுப்பித்து, சமையலைப் பிரதானமாக்கி நடத்தியவர்கள், இன்று ஊரெங்கும் காணும் 'காஸ்ட்ரோபப்' என்ற இனத்துக்கு வழிகாட்டினார்கள்.

இதற்குள் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஹோல்பர்னில் உள்ள 'பிரின்சஸ் லூயிஸ்' கடையில், என்றோ எடுத்தெறிந்த மரத்தடுப்புகளை இந்த நூற்றாண்டில் மீண்டும் செய்து நிறுத்தினார்கள். அங்கே அமர்ந்து பழமையை வியப்பவர் சாய்ந்திருப்பது, பெரும்பாலும், நேற்றைய தச்சர் இழைத்த பலகையின்மேல்.

'லாம்' கடையைப் பார்த்த அன்று மாலையே வேறொரு புதிய கடைக்குப் போனேன். சுவரே இல்லாத விசாலமான கூடம். மேஜையில் ஓர் எண். பக்கத்திலிருந்த இளைஞன் கைப்பேசியில் எதையோ தட்டினான்; சற்றுப் பொறுத்து வந்த பணிப்பெண், அவன் முகத்தைப் பாராமல் எண்ணை மட்டும் சரிபார்த்து, நுரை ததும்பும் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.